மீசோலிமுலஸுக்கு ஒரு துணை

அசிட்டோன் வாசனை மூக்கில் ஏறியபோது நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அழகு நிலையத்தில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவளுடைய பழைய நகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். இனிப்பும் குளிர்ச்சியும் கலந்த வாசனை. தொட்ட பஞ்சு நனைவதற்குள் காய்ந்துவிடும் அவசரம் அதற்கு. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொண்டன. ஊசி பிடிக்கிற நிலை. விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில் புதைபடிவங்களைத் தயார்செய்கிறவனாக இருந்தேன். கல்லுக்குள் கிடக்கும் உயிரின் மேலிருந்து கல்லை மட்டும் எடுக்கிற வேலை. எலும்பை எடுத்துவிட்டால் குற்றம், கல்லை விட்டுவிட்டால் சோம்பல். இப்போது அந்த வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்லை ஒரு குழாய்க்குள் அனுப்பி ஊடுகதிரில் படம் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது திரையில் சுழல்கிறது. கல்லின் தோலில் ஒரு கீறல் விழுவதில்லை. என் மேசைக்கு வந்திருக்கும் தர்ஷினி சென்ற வாரம் போன் செய்தாள்.

"அங்கிள், ஏர் பென் ஊசி எல்லாத்தையும் பெட்டியில போட்டு ஸ்டோருக்கு அனுப்புறாங்க. கையால செஞ்ச கதைய நீங்க எழுதுங்க லா. நல்ல கதையா எழுதுங்க."

நல்ல கதை என்னிடம் சில உண்டு. ஆனால் வாசனை வந்து தட்டி எழுப்பியது வேறொன்றை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதற்கு முன்பு கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். ரப்பர் பாலில் முங்கி எழும் பீங்கான் கைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் வேலை. ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைகள் தலைகீழாக என் முன்னால் ஊர்ந்து போகும். எதுவும் எதையும் பிடிக்காது. ஒரு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் ஒரு முட்டையைக் கொடுத்து, உள்தோல் கிழியாமல் ஓட்டை மட்டும் உரிக்கச் சொன்னார்கள். உரித்தேன். வேலை கிடைத்தது. பிறகு ஆறு ஆண்டுகள் சிப்பி, மீன் முள், பேராக் குகைகளிலிருந்து வந்த பன்றிப் பல்.

அப்புறம் டாக்டர் தேவகி வந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர், என் மேலதிகாரி. பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் எழுத்தர். வேலையிடத்தில் ஆங்கிலம் பேசுவார். மனம் அசைந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வரும், அதுவும் குரல் இறங்கி, மெதுவாக. ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கை கழுவுவார். எதையும் தொடப்போவதில்லை, ஆனாலும் கழுவுவார். கல்லின் இடப்பக்கம் வந்து நிற்பார். விரல் நகம் பட்டால்கூடக் கீறல் விழும் என்பதால், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு தென்னை ஈர்க்கால்தான் சுட்டிக்காட்டுவார். அந்த ஈர்க்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கேள்வி வரும்.

"எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். 'இது கடைவாய்ப் பல், டாக்டர்.' எப்படித் தெரியும்? 'மேடுகள் நாலு இருக்கு.' நாலு என்று எப்படித் தெரியும்? ஒன்று கல்லாக இருக்கலாமே? ஒருமுறை ஒரே பல்லுக்காக முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில் மேடு மூன்றுதான். நான்காவது காய்ந்த களிமண்.

அவர் கொண்டுவந்த ஒழுங்கு ஒன்று இருந்தது. கல் வந்ததும் ஊசியைத் தொடக்கூடாது. முதலில் நான்கு திசையிலிருந்தும் விளக்கைத் தாழ்த்தி வைத்து நான்கு படம். பிறகு கல்லின் மேல் நூல் கட்டி, சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பது. எந்தக் கட்டத்திலிருந்து தூள் எடுத்தோமோ அந்தக் கட்டத்தின் எண் ஒட்டிய புட்டியில் அந்தத் தூள். ஒரு சிட்டிகைகூடக் குப்பைக்குப் போகாது. கடைசியாகப் பதிவேடு. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கருதியது'. எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்து, பேனா காய்ந்துபோன நாட்கள் உண்டு.

இந்த ஒழுங்கு பழகி நான்கு ஆண்டு கழித்து அந்தக் கல் வந்தது.

கிள்ளானில் இறந்துபோன ஒரு சேகரிப்பாளரின் பிள்ளைகள் கொடுத்தது. ஜெர்மனியின் சுண்ணாம்புப் பலகைக் கல், வெண்ணெய் நிறம், ஒரு கதவுப் பலகையின் பாதி அளவு. பல ஆண்டுகளுக்கு முன் அவர் அங்கே வாங்கி, சுத்தம் செய்யாமலேயே கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். ஒரு முனையில் மட்டும் மெல்லிய கல் உரிந்து, பழுப்பு நிறத்தில் ஒரு வளைவு தெரிந்தது. குதிரைக் குளம்பு போன்ற வளைவு.

டாக்டர் ஈர்க்கை உயர்த்தினார். "மீசோலிமுலஸ்" என்றார்.

அழிந்துபோன லாட நண்டுப் பேரினம். ஏறக்குறைய பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசார்கள் கரையில் திரிந்த காலத்தில், ஆழமில்லாத கடலின் அடிச்சேற்றில் நடந்தது. இன்று நம் கடலில் இருக்கும் லாட நண்டின் பக்கத்தில் வைத்தால் தம்பி என்றுதான் சொல்வீர்கள். அதே கவிழ்த்த கிண்ணம், அதே ஈட்டி வால். உலகம் எத்தனையோ முறை ஆடை மாற்றியது. இந்தக் குடும்பம் மட்டும் அதே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு அது அந்நியமே இல்லை. நான் காப்பார்க்காரன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகிற கடற்சேற்றில், கரையோர வலையில் மாட்டி வரும் லாட நண்டுகளை, மலாயில் பெலாங்காஸ், பார்த்து வளர்ந்தவன். பெண்ணின் முதுகை ஆண் பற்றிக்கொண்டிருக்கும். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று தொங்கிக்கொண்டே வரும். அதனால்தான் எப்போதும் ஒட்டித் திரியும் ஜோடியைக் கண்டால் எங்கள் பக்கத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் 'பெலாங்காஸ்' என்பார்கள். கல்யாணமான புதிதில் மோட்டார் சைக்கிளில் என் மனைவி என் பின்னால் உட்கார்ந்து போனால், சாப்பாட்டுக்கடை வாசலிலிருந்து யாராவது அதைச் சொல்லிக் கத்துவார்கள். எனக்கு அது ஒரு பிராணியின் பெயராக இருந்ததைவிட இருவர் என்பதற்கான சொல்லாகவே இருந்தது.

அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு நான் கல்லின் முன் உட்கார்ந்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

நான்கு படமும் எடுத்தேன். நூல் கட்டினேன். ஒரு மாதத்தில் முதல் உடலைத் திறந்தேன். தலை ஓடு, நடு ஓடு, ஓரத்து முட்கள். காற்றில் துடிக்கும் ஊசியை ஏர் பென் என்போம். கொசுவின் குரல் அதற்கு. அந்தக் குரலின் கீழே கல் தோல் தோலாகக் கழன்றது. பழுப்பு ஓடு வந்ததும் அசிட்டோனில் கரைத்த பசையைத் துளித்துளியாக விட்டேன். பிறகு பார்த்தால், உடலுக்குப் பின்னால், வாலை ஒட்டி, கல் லேசாகப் புடைத்திருந்தது.

ஆண், என்று நினைத்தேன். தேட வேண்டியது எது என்று தெரிந்துவிட்ட மகிழ்ச்சி ஒன்று இருக்கிறதே, அதைவிட ஆபத்தான மகிழ்ச்சி எங்கள் தொழிலில் இல்லை. புடைப்பின் ஓரத்தைப் பின்பற்றினேன். ஊசி வளைந்தது, நானும் வளைந்தேன். இடையில் சில கீறல்கள் வந்தன. கல்லை அறுத்தவர்களின் ரம்பத் தடம் என்று எண்ணி மழித்துவிட்டேன். மூன்று வாரத்தில் ஒரு வளைவு, அதன் மேல் ஒரு வழுவழுப்பான கூன். பதிவேட்டின் இடப்பக்கத்தில், 'கண்டது' என்பதன் கீழ், 'இரண்டாவது ஓட்டின் விளிம்பு' என்று எழுதினேன். பேனா காயவில்லை.

டாக்டர் அப்போது பெர்லிஸில் களப்பணியில் இருந்தார். திரும்பி வந்து, கை கழுவி, இடப்பக்கம் வந்து நின்றார். ஈர்க்கு முதல் உடலின் மேல் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது.

"ரெண்டா?"

"பெலாங்காஸ் எங்க டாக்டர் தனியா வரும்? காப்பார்ல நான் ஒத்தையா பார்த்ததே இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "இப்படி ஒரு சோடி எங்கேயும் கிடைச்சதா நான் வாசிக்கேல்லை" என்றார். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். அன்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஓடியது. டாக்டர் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார். கோலாலம்பூரிலேயே நடக்கும் மாநாடு, வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்த நேரம். இயக்குநர் கண்காட்சிக்கே 'உலகின் மிகப் பழைய ஜோடி' என்று பெயர் வைத்துவிட்டார். சலாக் செலாத்தானில் ஓர் அச்சகத்தில் பதாகை அடிக்கக் கொடுத்தோம். அச்சகக்காரர் சிவா பதாகைக்கு நல்ல படம் வேண்டும் என்றார்: "அண்ணே, மாப்பிள்ளை கொஞ்சம் மங்கலா இருக்காரு. பளிச்சுனு ஒண்ணு எடுத்துக் குடுங்க."

பளிச்சென்று எடுப்பதற்காகத்தான் அந்தப் புதன்கிழமை மதியம் புற ஊதா விளக்கை எடுத்தேன். அந்த வகைக் கல்லில் ஓடு இருக்கும் இடம் அந்த விளக்கில் தனியாக ஒளிரும், கல் இருண்டு கிடக்கும். படத்துக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.

முதல் உடல் எழுந்தது. ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக, மங்கிய மஞ்சளில், மூச்சு விடுவது போல.

பின்னால் ஒன்றும் இல்லை. கல்.

விளக்கைச் சாய்த்தேன், நெருக்கினேன். என் வளைவு இருட்டில் கரைந்து கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த வழுவழுப்பான கூனின் மேல் முழுக்க ஊசியின் கொத்தல்கள், ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில். என் கையெழுத்தை நான் அறிவேன்.

முதல் நாள் எடுத்த நான்கு படங்களை எடுத்து வைத்தேன். கீழ் வலப்பக்க விளக்கில் எடுத்த நான்காவது படத்தில் இருந்தது. நான் பார்த்த புடைப்பு ஓடே இல்லை. நீளவாக்கில் போகும் ஒரு வரம்பு. நடுவில் வால் இழுபட்ட மெல்லிய கோடு. இருபுறமும் குட்டிக் குட்டிக் கீறல்கள், சோடி சோடியாக. ரம்பத் தடம் என்று நான் மழித்தவை. காலடிகள். அந்தப் பிராணி சேற்றில் நடந்து வந்து, நின்று, செத்த வழி. பதினைந்து கோடி ஆண்டு யாரும் மிதிக்காமல் கிடந்த வழி. அதை மூன்று வாரத்தில் அழித்து, அந்த இடத்தில் அதற்கு ஒரு துணையைச் செதுக்கியிருக்கிறேன்.

மாநாடு சனிக்கிழமை.

இதையும் எழுதிவிடுகிறேன். மேசையில் பாதி குடித்த தே ஓ இருந்தது. பால் கலக்காத தேநீர், ஓட்டின் அதே பழுப்பு. இரண்டாம் எண் தூரிகையை அதில் தோய்த்தேன். மூன்று பூச்சு போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு யாரும் விளக்கோடு வரப்போவதில்லை. டாக்டர் பேசுவார், கைதட்டுவார்கள், கோப்பு நகரும். எனக்கும் அவருக்கும் நல்லது. செத்ததற்கு என்ன நல்லது கெட்டது. தூரிகையின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, மேசை மேல் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு, தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, மாடி ஏறினேன்.

அவர் தம் அறையில் பேச்சுக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரையில் என் வளைவு பெரிதாக நின்றது.

"டாக்டர், பின்னால இருக்கறது ஆண் இல்ல."

"பின்ன?"

"நான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கணினியை மூடிவிட்டு எழுந்தார். ஆய்வகத்துக்கு வந்தோம். கை கழுவினார். நான் திரையை இழுத்தேன். விளக்கின் கீழே அவர் குனிந்து பார்த்தார். படத்தைக் காட்டினேன். ஈர்க்கு அந்தக் கோட்டின் மேல் போய், நான் நிறுத்திய இடத்தில் நின்றது. பலகையின் விளிம்பில், என் வளைவுக்கு வெளியே, ஒரு விரல் நீளத்துக்குத் தடம் மிஞ்சியிருந்தது.

"நீங்கள் காப்பாரில கண்டது கரைக்கு வந்ததுகளை, மிஸ்டர் கோபால்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "முட்டையிட வாறதுகள் சோடியாத்தான் வரும். கடலுக்குள்ள தனியத் திரியுறதை ஆர் கண்டது?"

"நான் பார்க்கல, டாக்டர்."

"நானும் பாக்கேல்லை. பதிவேட்டில எழுதுங்கோ."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதுங்கோ. குறுக்கால."

எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அங்கிருந்தே இயக்குநரை அழைத்தார். மறுமுனையில் இயக்குநரின் குரல் எனக்கும் கேட்டது: அதனால் என்ன, கற்பனைச் சித்திரம் என்று சின்ன எழுத்தில் போட்டுவிடலாமே, பிள்ளைகள்தானே பார்க்கப்போகிறார்கள். டாக்டர் ஆங்கிலத்தில், கடையில் சாப்பாடு சொல்வது போன்ற சாதாரணக் குரலில், இது கற்பனை இல்லை, தவறு, சின்ன எழுத்தில் போட முடியாது என்றார். அடுத்து மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினார். பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். காரணம், என் கூற்றில் பிழை. 'என் கூற்றில்' என்று அவர் தட்டச்சு செய்வதைப் பார்த்து, "டாக்டர், பிழை என்னுது" என்றேன்.

"கல்லில செய்தது நீங்கள். பேப்பரில செய்தது நான்."

வியாழக்கிழமை சலாக் செலாத்தானுக்கு நான்தான் போனேன். பதாகை அடித்துச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"என்னா லா அண்ணே, பத்திரிகை அடிச்சப்புறம் வந்து மாப்பிள்ளைய காணோம்ங்கிறீங்க!" என்றார் சிவா. "ஓடிப் போயிட்டானா?"

"பொறக்கவே இல்ல."

"பொண்ணு பாவம் லா."

புதிய பதாகையில் ஓர் உருவம்தான். பெயர் 'மீசோலிமுலஸ்' என்று மட்டும். கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் குறிப்பை டாக்டர் எழுதினார்; மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில். இந்தப் பிராணி தனியாக நடந்து வந்தது. அதன் காலடித் தடத்தின் பெரும்பகுதி இங்கே தயாரிக்கப்பட்டபோது அழிந்தது. பின்னால் தெரியும் வளைவு தயாரித்தவரின் கருவி செய்தது. என் பெயரையும் போடச் சொன்னேன். "ஆளைப் பாக்க வருவினம், நண்டைப் பாக்க மாட்டினம்" என்று மறுத்துவிட்டார். பக்கத்தில் அந்த நான்காவது படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். பிள்ளைகள் கல்லைவிட அந்தப் படத்தின் முன்தான் அதிகம் நின்றார்கள். கீறல்களை எண்ணுவார்கள்.

கோப்பு அந்த ஆண்டு நகரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. எனக்குக் கல் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. முதல் சில மாதங்கள் ஊசி எடுத்தால் கை கனத்தது. பிறகு பழைய எடைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. அந்தப் புதன்கிழமையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வேலை மாதிரி, தினமும் செய்துகொண்டிருந்தோம்.

சபாவில் ஒரு வேலை கிடைத்து அவர் கிளம்பினார். கே.எல். சென்ட்ரலில் விமான நிலைய ரயிலுக்கு அவருடைய பெட்டியை நான் இழுத்து வந்தேன். அம்மாவைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்றார். அங்கே கடல் பக்கத்தில் வீடு என்றார். அறிவிப்பு மூன்று மொழியில் ஒலித்து ஓய்ந்தது. நுழைவாயிலில் பயண அட்டையை வைக்கப்போன அவர் கை நின்றது.

"மிஸ்டர் கோபால், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். நான் பெர்லிஸால வந்த அண்டைக்கே நிறம் சரியில்லை எண்டு கண்டனான். பின்னால இருந்ததில பழுப்பே இல்லை. கண்டும் பேசாம இருந்தனான்."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நான் வந்து சொல்லலேன்னா, சனிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லியிருப்பீங்க, டாக்டர்."

அவர் அட்டையை வைத்தார். தடுப்பு திறந்தது. உள்ளே போய், பெட்டியை வாங்கிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"இல்லை. மாநாட்டில பேசியிருப்பன், படத்தைக் காட்டி, சோடி எண்டு பேசியிருப்பன்."